கேஜ் கம்பி

வண்டி வந்து நாலாவது மாதம்.
சீட்டின் பாலித்தீன் உறையைக்கூட
இன்னும் கிழிக்கவில்லை.
விடியற்காலை மூன்று மணி, பாவூர்சத்திரம் மார்க்கெட்.
போன் வெளிச்சத்தில் கம்பியை உருவினேன்.
பனியன் ஓரத்தில் துடைத்து
மறுபடி விட்டு, மறுபடி உருவினேன்.
கீழ்ப் புள்ளிக்கும் கீழே
ஈரமாய் ஒரு நுனி.
அவ்வளவுதான்.

தரையில் சொட்டு இல்லை.
ராத்திரி முழுக்க அடியில் விரித்திருந்த பேப்பரில்
மணமகள் தேவை பக்கம்
மடிப்புக் கலையாமல் கிடந்தது.
ஒழுகினால் கண்டுபிடித்துவிடலாம்.
இது குடிக்கிறது.
எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு
வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

புளியரை தாண்டி
எஸ் வளைவு ஏறும்போது ஒன்றும் தெரியாது.
கோட்டைவாசல் கருப்பசாமிக்கு
ஹாரன் ஒன்று, ஐந்து ரூபாய் ஒன்று.
ஆரியங்காவு இறக்கத்தில்
ரெண்டாம் கியரில் காலைத் தூக்கியபடியே இறங்கி
கீழே வந்து மிதிக்கும்போதுதான்
கண்ணாடியில் பார்த்தேன்:
நீலமாய் ஒரு மூச்சு.
பின்னால் வந்த கேரளா பஸ்
அதற்குள் நுழைந்து வெளியே வந்தது.

தென்காசி சர்வீஸ் சென்டரில் ஏசி.
டை கட்டிய பெனடிக்ட் சொன்னான்,
"ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரைக்கும்
ஒத்துக்கொண்ட அளவுதான் சார்."
யார் ஒத்துக்கொண்டது என்றேன்.
தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அடிப் போல்ட்டில் மஞ்சள் பெயிண்ட் வைத்து
ஊற்றும் மூடியில் கையெழுத்திட்ட ஸ்டிக்கர் ஒட்டி
ஆயிரம் ஓட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள்.
பார்க்கலாம். ஊற்றக் கூடாது.
அறுபது தவணையில் நான்கு கட்டியவனுக்கு
அவ்வளவு உரிமை போதும்போல.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்
சண்முகவடிவு எழுதிக்கொண்டு வருகிறாள்.
செவ்வாய், சின்ன வெங்காயம், ஒரு நகம் குறைவு.
புதன், முருங்கை, அரை நகம்.
வியாழன், லோடு இல்லை. வட்டி ஓடியது.

புனலூரில் காய் இறக்கும் சந்துக்கு எதிரே
தங்கச்சன் பட்டறை.
புகைக்குழாய்க்குள் விரலை விட்டுத் தேய்த்து
முகர்ந்து பார்த்துக் கேட்டார்,
புதுசில் எப்படி ஓட்டினீர்?
பெருமையாகத்தான் சொன்னேன்.
முதல் மூவாயிரம் நாற்பதைத் தாண்டவில்லை,
அரை லோடுக்கு மேல் ஏற்றவில்லை,
பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப்போவது மாதிரி
பள்ளம் பார்த்து, மேடு பார்த்து.

அவர் சிரிக்கவில்லை.
பாதி மலையாளமும் பாதி கைச்சாடையுமாக
எனக்கு விளங்கியது இது:
உள்ளே ரிங்குகள் சுவரில் உரசி உரசித்தான்
தன் இடத்தைப் பிடிக்குமாம்.
உரச விடவில்லை நான்.
சுவர் கண்ணாடியாகிவிட்டது.
ஆயில் வழுக்கி மேலே போய் எரிகிறது.
இல்லையென்றால்
கம்பெனியிலேயே ரிங்கைத் தப்பாகப் போட்டிருப்பார்கள்.
திறந்தால்தான் தெரியும்.
திறந்தால் வாரண்டி போய்விடும்.
டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார்.

அன்றைக்குத் திரும்புலோடு அன்னாசி.
முழு லோடு.
தென்மலை தாண்டி ஏற்றத்தில்
முதல்முறையாக அடிவரைக்கும் மிதித்தேன்.
வண்டி கத்தியது.
நானும் என்னவோ கத்தினேன்,
ரயில் பாலத்துக்குக் கீழே அது இரண்டாகக் கேட்டது.
உள்ளே ஏதோ உரசட்டும்,
உரசி எங்காவது உட்காரட்டும்.
கொஞ்சம் பயமாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும்.

ஏழு நடை முடிந்து அளந்தார்கள்.
எண்ணூற்று நாற்பது மில்லி.
நார்மல் என்று சீல் குத்தினான் பெனடிக்ட்,
என் முகத்தைப் பார்க்காமல்.

நோட்டில் ஆயிலுக்குத் தனிவரி வந்துவிட்டது,
தவணைக்குக் கீழே,
ஸ்கூல் பீஸுக்கு மேலே.
சீட்டுக்குப் பின்னால் ஐந்து லிட்டர் கேன் ஒன்று
டிக்கெட் எடுக்காமல் புனலூர் போய்வருகிறது.
பாலித்தீன் உறையை நேற்றுக் கிழித்துப் போட்டேன்.
ஏற்றத்தில் மிதிக்கிறேன்.
இறக்கம் முடியும் இடத்தில்
கண்ணாடியைப் பார்க்காமல் இருக்க மட்டும்
இன்னும் வரவில்லை.